தலெந்தாவின் ஆறாம் நம்பர்

ஸ்ஃபாக்ஸ் நகரத்துப் பழைய கடைத்தெருவில் துணி விற்கிற ஒருவனுக்குத் தலெந்தா மேல் வெகுநாளாக ஒரு சந்தேகம். வருஷத்துக்கு இரண்டு தரம் வருவாள். கல்யாணப் பெண்ணுக்குத் தைக்கிற வெல்வெட்டாகக் கேட்பாள். நிறம் எதுவானாலும் கவலையில்லை. துணியின் மேல்முடி குட்டையாக, ஒரே சீராக இருக்கிறதா என்று மட்டும் விரலால் தடவிப் பார்த்து நாலு மீட்டர் வாங்கிப் போவாள். ஒரு நாள் அவன் கேட்டேவிட்டான்.

"மதாம், தப்பா நெனைக்காதீங்க. உங்க வீட்ல எத்தனை பொண்ணுங்க? பதினஞ்சு வருஷமா கல்யாணம் நடந்துகிட்டே இருக்கு, எனக்கு ஒரு தட்டு பாதாம் பலகாரம்கூட வந்து சேரலையே!"

"கல்யாணத்துக்கு இல்லீங்க. சதுரம் சதுரமா வெட்டி ஈஸ்ட் மேல அழுத்துறதுக்கு."

"எது மேல?"

"ஈஸ்ட். ரொட்டி மாவு பொங்கறதுக்குப் போடுவாங்களே, அது."

அவன் கொஞ்ச நேரம் அவளையே பார்த்தான். பிறகு அரை மீட்டர் கூடவே வெட்டிக் கொடுத்தான். புத்தி பிசகியவர்களிடம் நல்ல மனுஷர்கள் காட்டுகிற இரக்கம் அது என்று அவளுக்குப் புரிந்தது. விளக்கிச் சொல்ல வாயெடுத்தாள். எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை. பையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

அவள் வேலையில் பொய் ஒன்றும் இல்லை. தட்டில் ஈஸ்ட் புள்ளி புள்ளியாக வளர்ந்திருக்கும். ஒவ்வொரு புள்ளியும் ஒரே செல்லிலிருந்து வந்த குடும்பம். வெல்வெட்டை அதன் மேல் அழுத்தி எடுத்தால் அத்தனை புள்ளிகளும் அதே இடத்தில் துணியில் ஒட்டிக்கொள்ளும். அந்தத் துணியை இரண்டு புதுத் தட்டுகளில் ஒற்ற வேண்டும். ஒன்றை இருபத்தைந்து டிகிரியில் வைப்பாள், இன்னொன்றை முப்பத்தேழில். இரண்டு நாள் கழித்து இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், குளிர்ச்சியில் பிழைத்து சூட்டில் செத்த புள்ளி எது என்று தெரியும். தலெந்தா தேடுவது அந்தப் புள்ளியைத்தான்.

ஏன் அப்படி ஒன்றைத் தேட வேண்டும் என்பதை, அவள் இருபத்தாறு வயதில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே பேராசிரியர் தௌஃபீக் சொல்லிவிட்டார். 'ஐயா' என்கிற மரியாதையில் எல்லாரும் அவரை சீ தௌஃபீக் என்பார்கள். வாயில் எப்போதும் பற்ற வைக்காத ஒரு சிகரெட் இருக்கும்.

"ஏ பொண்ணே, ஈஸ்டுக்கு ஆறாயிரம் மரபணு. ஒண்ணொண்ணா எடுத்துப் போட்டுப் பாத்தா முக்கால்வாசி இல்லாமலே அது ஜம்முனு இருக்கு. நம்ம அமைச்சர்கள் மாதிரி. இருந்தாலும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான். ஆனா ஒரு ஆயிரம் இருக்கு பாரு, அதுல ஒண்ணை எடுத்தா உடனே சாவு."

"அப்ப அது எதுக்குன்னு தெரிஞ்சிடுமே சார்?"

"எப்படித் தெரியும்? செத்ததை எழுப்பி நீ எதனால செத்தேன்னு கேப்பியா? அதனால அதைக் கொல்லக்கூடாது. பாதி உசுரா வெக்கணும். குளுமையில வேலை செய்யணும், சூடு ஏறினா படுத்துக்கணும். படுக்கிற அந்த நேரத்துல பக்கத்துல உக்காந்து பாக்கணும், எது மொதல்ல கெடுதுன்னு. அவ்வளவுதான் நம்ம பொழப்பு."

அப்போது கடலுக்கு அந்தப் பக்கம் பல ஆய்வகங்கள், வேலை தெரியாத ஈஸ்ட் மரபணுக்களைத் தங்களுக்குள் பங்கு போட்டுக்கொண்டிருந்தன. பேராசிரியருக்கு அங்கே இருந்த பழக்கத்தில் ஸ்ஃபாக்ஸுக்கு ஆறு வந்தன. ஐந்தை எடுத்துப் போட்டும் ஈஸ்டுக்கு ஒரு குறையும் வரவில்லை. ஆறாவதைத் தலெந்தா கையில் கொடுத்தார்கள்.

அவளுக்கு அபாரமான கை. ஈஸ்ட் பட்டினி கிடந்தால் ஒரு சிறு பைக்குள் நாலு வித்துகளாகச் சுருண்டுகொள்ளும். நுண்ணோக்கியின் அடியில், தலைமுடியைவிட மெல்லிய கண்ணாடி ஊசியால் அந்த நாலையும் பிரித்து வரிசையாக நட வேண்டும். மற்றவர்கள் ஒரு காலையில் பத்துப் பை பிரித்தால் அவள் நாற்பது பிரிப்பாள். ஆறாவது மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒன்றை எடுத்த ஈஸ்டை அப்படிப் பிரித்து நட்டபோது, ஒவ்வொரு வரிசையிலும் இரண்டு முளைத்தன, இரண்டு முளைக்கவில்லை. நாற்பது வரிசையிலும் அப்படியே. பேராசிரியர் தட்டை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். சிகரெட்டை வாயிலிருந்து எடுத்தார்.

"இது இல்லாம முடியாது. சபாஷ். உனக்கு வாழ்நாள் வேலை கெடைச்சாச்சு."

அவர் விளையாட்டாகச் சொன்னார். அது அப்படியே ஆயிற்று.

அந்த ஆய்வகத்தில் முன்திர் என்று ஒருவன் இருந்தான். ஆறில் இரண்டு அவன் பொறுப்பு. நன்றாகப் பாடுவான், மோசமாக ஊசி பிடிப்பான். இருவருக்கும் நிச்சயம் ஆயிற்று. அவனுக்கு ஸ்ட்ராஸ்பூரில் இடம் கிடைத்தது. அடுத்த இலையுதிர் காலத்தில் அவளும் போவதாக ஏற்பாடு. அந்தக் கோடையில் அவள் தகப்பனாருக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. அம்மா முன்பே போய்ச் சேர்ந்திருந்தாள். அண்ணன் லியோனில், தங்கை புதுக் கல்யாணம் ஆகி தலைநகரில். "ஒரு வருஷம் பொறு" என்று தலெந்தா முன்திருக்கு எழுதினாள். அவன் இரண்டு வருஷம் பொறுத்தான். அவன் மேல் தப்புச் சொல்ல அவளுக்கு வாய் வந்ததில்லை.

அப்பா பத்து வருஷம் படுக்கையில் இருந்தார். தெனியூர் சாலை ஐந்தாவது கிலோமீட்டரில் அந்த வீடு. காலையில் அவருக்குப் பார்லிக் கூழ் ஊட்டிவிட்டு பஸ் பிடிப்பாள். மத்தியானம் வந்து புரட்டிப் படுக்க வைத்துவிட்டுத் திரும்புவாள். அவர் போன பிறகு வீட்டில் அவள் குரலே அவளுக்குக் கேட்காத நாட்கள் வந்தன. சில நாள் பஸ்ஸில் டிக்கெட் கேட்கும்போது தொண்டை கட்டியிருப்பது தெரியும். அன்றைக்கு அதுதான் முதல் பேச்சாக இருக்கும்.

ஆறாம் நம்பர் மட்டும் மெல்ல மெல்ல வாய் திறந்தது. பத்தாயிரத்துக்கு மேற்பட்ட புள்ளிகளை வெல்வெட்டில் ஒற்றி, குளிர்ச்சியில் பிழைத்து சூட்டில் படுக்கிற மூன்று வகைகளைப் பிடித்தாள். செல்லுக்குள் ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குச் சரக்கு போகிறது. சின்னச் சின்னப் பைகளில் போகிறது. போன பைகள் திரும்பி வந்தால்தான் அடுத்த சரக்கை ஏற்ற முடியும். ஆறாம் நம்பர் அந்தத் திரும்பும் பைகளைக் கரை சேர்க்கிற வேலையைச் செய்தது. சூடு ஏறி அது படுத்துவிட்டால் பைகள் போக்கிடம் இல்லாமல் குவியும். சில மணி நேரத்தில் செல் திணறிச் செத்துப்போகும். இவ்வளவும் கண்டுபிடிக்கப் பதினைந்து வருஷம் ஆயிற்று. ஒரு சின்னப் பத்திரிகையில் கட்டுரை வந்தது. பேராசிரியர் தன் பெயரைக் கடைசியில் போட்டு அவள் பெயரை முதலில் போட்டார். உலகத்தில் பதினோரு பேர் அதை மேற்கோள் காட்டினார்கள். அதில் மூன்று பேர் அவளே எழுதிக் கேட்டுக்கொண்ட பிறகு.

பேராசிரியர் ஓய்வு பெற்றார். இரண்டு வருஷத்தில் இறந்தும் போனார். கூட இருந்தவர்கள் மோன்ட்ரியால், லீல், தோஹா என்று போனார்கள். புது இயக்குநர் லஸ்ஸாத் வந்தார். அவருக்கு ஆலிவ் எண்ணெய் ஆலைக் கழிவுநீரைச் சுத்தம் பண்ணுகிற திட்டம். ஊருக்கு வேண்டிய வேலைதான். மாடி முழுக்க அந்த நாற்றமும் அதில் வேலை செய்கிற பிள்ளைகளும் வந்தன. தலெந்தாவைக் கீழ்த்தளத்தில் ஒரு அறைக்கு மாற்றினார். சூடு மாறாமல் வைக்கிற நாலு இன்குபேட்டர், ஒரு நுண்ணோக்கி, ஒரு ஃப்ரிட்ஜ், ஒரு ஃப்ரீசர். லஸ்ஸாத் கெட்டவர் இல்லை. ஃப்ரீசர் ரிப்பேருக்கு ஆள் கேட்டால் அனுப்பிவிடுவார். ஆனால் தாழ்வாரத்தில் பார்த்தால் சும்மா இருக்க மாட்டார்.

"என்ன மதாம், ஆறாம் நம்பர் எப்படி இருக்கு? இன்னும் ஒரு நம்பர் பாக்கலாம்ல? ஏழாம் நம்பர் கோவிச்சுக்கப் போவுது!"

கூட நின்ற பிள்ளைகள் சிரிப்பார்கள். அவளும் சிரித்து வைப்பாள். பிறகு படியிறங்கிப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள்.

நோன்புப் பெருநாளுக்கு ஊரே ஒரு வாசனையாக இருக்கும். வெங்காயமும் உலர்ந்த திராட்சையும் மணிக்கணக்காக வெந்த குழம்பு, உப்பிட்ட மீன். அவளும் ஒரு சின்னச் சட்டியில் செய்வாள். லியோனிலிருந்து அண்ணன் போன் பண்ணுவான். வீட்டை விற்றுவிடலாமா என்று ஒரு வார்த்தை கேட்டு வைப்பான். தங்கையின் பிள்ளைகள் போனில் வரிசையாக வந்து வாழ்த்துச் சொல்வார்கள். பத்து மணிக்குள் எல்லாம் முடிந்துவிடும். அப்புறம் உடுத்திக்கொண்டு ஆய்வகத்துக்கு நடப்பாள். ஈஸ்டுக்குப் பெருநாள் தெரியாது, தட்டு மாற்ற வேண்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள். ஒரு நாள் மாற்றாவிட்டால் ஒன்றும் ஆகிவிடாது. அவளுக்கே அது தெரியும்.

அப்படி ஒரு பெருநாள் கழிந்த வாரத்தில்தான் அந்தப் போன் வந்தது. பிள்ளைகள் மருத்துவமனையிலிருந்து ஒல்ஃபா என்ற டாக்டர்.

"மதாம் தலெந்தா? உங்க கட்டுரை ஒண்ணு படிச்சேன். பதினோரு வருஷம் முந்தினது. நீங்க பாரிஸ்ல இருப்பீங்கன்னு தேடிகிட்டிருந்தேன். இங்க நம்ம ஊர்லயா இருக்கீங்க?"

"நாலு பஸ் ஸ்டாப் தள்ளி."

"அல்லாஹ்! சரி, நான் நேரா வந்துடறேன்."

அன்று மாலையே வந்தாள். நாற்பது வயது இருக்கும். கார் சாவியைக் கையில் உருட்டிக்கொண்டே பேசினாள். கெர்கென்னா தீவிலிருந்து ஒரு குடும்பம். தகப்பன் நூரி மீன்பிடிக்கிறவன், தாய் நஜ்லா. முதல் பிள்ளை இயாத், மூன்று வயதில் ஒரு காய்ச்சலில் போய்விட்டான். நன்றாக விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைக்கு இரண்டு நாளில் ஈரல் வேலை செய்யாமல் நின்றது. ஏன் என்று யாருக்கும் புரியவில்லை. இப்போது நாலு வயதுப் பெண் யாக்கீன். அவளுக்கும் இரண்டு தரம் காய்ச்சல் வந்து, இரண்டு தரமும் ஈரல் படுத்து, எப்படியோ எழுந்துகொண்டாள். ரத்தத்தை வெளிநாட்டுக்கு அனுப்பிப் பார்த்ததில் ஒரு மரபணுவில் ஒரே ஒரு எழுத்து மாறியிருந்தது. தாயிடமிருந்து வந்த பிரதியிலும் அதே மாற்றம், தகப்பனிடமிருந்து வந்ததிலும் அதே.

"ரிப்போர்ட்ல என்ன எழுதியிருக்கான்னு பாருங்க. 'இந்த மாற்றத்தின் விளைவு தெரியவில்லை.' தெரியலைன்னா எனக்கு எதுக்குய்யா அனுப்பறே? நான் அந்தம்மாகிட்ட என்ன சொல்ல?"

தலெந்தா காகிதத்தை வாங்கிப் பார்த்தாள். மனிதருக்கு வேறு பெயர் வைத்திருந்தார்கள். ஆனால் அவளுக்கு அடையாளம் தெரிந்தது. ஆறாம் நம்பர்தான். ஈஸ்டும் மனிதரும் பிரிந்து நூறு கோடி வருஷத்துக்கு மேல் ஆகியும், எழுத்து மாறியிருந்த அந்த இடம் இரண்டிலும் ஒன்றேபோல் இருந்தது. அந்த இடத்தை அவள் கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுவாள்.

"காய்ச்சல் வந்தா மட்டுந்தானா?" என்று கேட்டாள். "மத்த நாள்ல புள்ள நல்லா இருக்காளா?"

"ஓடுறா, ஆடுறா, அப்பனை அடிக்கிறா. காய்ச்சல்னா மட்டும்."

தலெந்தா காகிதத்தைத் திரும்ப ஒரு தரம் படித்தாள். அப்புறம், "எனக்கு ரெண்டு மாசம் குடுங்க" என்றாள்.

அதே ஒரு எழுத்தை ஈஸ்டின் மரபணுவில் மாற்ற வேண்டும். அதற்கு வேண்டிய சரக்கு சுங்கத்தில் மூன்று வாரம் கிடந்தது. லஸ்ஸாத் தானே போன் பண்ணி எடுத்துக் கொடுத்தார். மாற்றிய ஈஸ்டை நாலு தட்டில் ஒற்றினாள். இருபத்தைந்து, முப்பது, முப்பத்தேழு, முப்பத்தொன்பது. முதல் இரண்டிலும் நன்றாக வளர்ந்தது. முப்பத்தேழில் கொஞ்சம் சோனியாக, ஆனாலும் வளர்ந்தது. முப்பத்தொன்பதில் மாறாத ஈஸ்ட் மெதுவாகவாவது பிழைத்துக் கிடக்க, மாற்றிய ஈஸ்ட் இருந்த பக்கம் தட்டு வெறுமையாக இருந்தது.

நம்பவில்லை. மறுபடி செய்தாள். இன்குபேட்டரை மாற்றிச் செய்தாள். புதிதாக ஈஸ்டைத் தயார் பண்ணி மூன்றாம் முறை செய்தாள். அந்தப் பக்கம் வெறுமையாகவே இருந்தது. அன்று மத்தியானம் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்து வைத்துவிட்டுச் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். சந்தோஷமா துக்கமா என்று அவளுக்கே தெரியவில்லை. பேராசிரியர் இருந்திருந்தால் தட்டை ஜன்னலில் தூக்கிப் பிடித்திருப்பார். கீழ்த்தளத்து அறைக்கு ஜன்னல் கிடையாது. அவள் தட்டைக் குழல்விளக்கின் கீழே பிடித்துப் பார்த்துவிட்டு வைத்தாள்.

லஸ்ஸாதிடம் சொன்னபோது அவர் கேலி பேசவில்லை. உட்காரச் சொன்னார்.

"ஆஸ்பத்திரிக்கு எழுத்துல குடுக்கறதுன்னா உங்க கையெழுத்து செல்லாது மதாம். உங்களுக்கு டாக்டர் பட்டம் இல்ல. நான் போட்டுத் தரேன். உள்ள உங்க பேர் இருக்கும்."

"பேர் கெடக்கட்டும். நாளைக்கே போகணும்."

"நாளைக்கு ஏன்? இன்னிக்கே போகும்" என்று எழுந்து போய் அவரே தட்டச்சு செய்தார்.

ஒல்ஃபாவுக்கு அதற்கு மேல் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பிள்ளையின் உடம்பு காய்ச்சலுக்குப் போகவே கூடாது. சூடு முப்பத்தெட்டைத் தொடுவதற்குள் மருந்து கொடுக்க வேண்டும். அப்புறம் நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் குளுக்கோஸ் ஏற்ற வேண்டும். காத்திருந்து பார்ப்பது என்ற பேச்சே இல்லை. எல்லாவற்றையும் ஒரு அட்டையில் எழுதி, தீவு ஆஸ்பத்திரியிலும் ஒரு நகல் ஒட்ட வைத்தாள். நூரி அதைக் கேட்டுக்கொண்டு, "யார் கண்டுபிடிச்சாங்களோ அவங்களை ஒரு தடவை பாக்கணும்" என்றான். ஒல்ஃபா வழி சொல்லி அனுப்பினாள்.

பெரிய உருவம் அவன். தலையை ஒடுக்கிக்கொண்டு அறைக்குள் வந்தான். ஒரு கையில் யாக்கீன், மறு கையில் ஈரச் சாக்கில் சுற்றிய இரண்டு கணவாய். ஊர் வழக்கப்படி மரியாதையாக லல்லா என்று கூப்பிட்டான்.

"லல்லா, இது இன்னிக்குக் காலைல பிடிச்சது. வேற என்ன குடுக்கறதுன்னு தெரியல."

தலெந்தா அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். கடைசியில் மருந்து வைக்கிற ஃப்ரிட்ஜில் வைத்தாள். யாக்கீன் அதற்குள் மேஜையில் இருந்த தட்டுகளை எண்ண ஆரம்பித்திருந்தாள்.

"இதெல்லாம் என்ன?"

"இது ஈஸ்ட். உசுருள்ளது."

"கடிக்குமா?"

"கடிக்காது."

"பேசுமா?"

"பேசாது. ஆனா நல்லா வளரும்."

"அப்ப பூனையே நல்லது" என்று குழந்தை முடிவு சொல்லிவிட்டுச் சுழல் நாற்காலியில் ஏறிக்கொண்டது.

தலெந்தா நூரிக்குத் தட்டைக் காட்டினாள். இந்தப் பக்கம் மாறாதது, இந்தப் பக்கம் உங்க மகளோட எழுத்து. இது சாதா சூடு, இது காய்ச்சல் சூடு. அவன் குனிந்து வெகு நேரம் பார்த்தான். வலையில் ஓட்டை தேடுகிறவன் பார்க்கிற மாதிரி ஓரம் ஓரமாகப் பார்த்தான்.

"அப்ப சூடுதான் கொன்னுது."

"ஆமா."

"மவனுக்கு..." நிறுத்தினான். மகள் நாற்காலியில் சுற்றிக்கொண்டிருந்தாள். குரலைத் தாழ்த்தினான். "மவனுக்குக் காய்ச்சல் வந்தப்ப வேர்த்துக் கொட்டினா எறங்கிடும்னு மூணு போர்வை போட்டோம் லல்லா. நான்தான் போட்டேன். அவன் எடுத்து எடுத்து எறிஞ்சான். நான் திருப்பித் திருப்பிப் போத்துனேன்."

தலெந்தாவுக்கு மனுஷர்களிடம் பேசிப் பழக்கம் விட்டுப்போயிருந்தது. ஏதாவது சொல்ல வேண்டும். ஆறுதலாக ஒன்றும் வரவில்லை. உண்மை மட்டும்தான் வந்தது.

"உங்களுக்குத் தெரியாது. அந்த டாக்டருக்கும் தெரியாது. சூட்டுல இது படுத்துக்கும்னு அப்ப எனக்குத் தெரியும். அஞ்சு வருஷம் முன்னாடியே எழுதியும் வெச்சிருந்தேன். ஆனா உங்க மகனைத் தெரியாது."

அவன் தலையாட்டினான். அவள் சொன்னதை அவன் எப்படி எடுத்துக்கொண்டான் என்று அவளுக்குப் பிடிபடவில்லை. மகளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு, "ஒரு நாள் தீவுக்கு வரணும் லல்லா. வீட்டுக்கு. இது வார்த்தைக்குச் சொல்றது இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனான். கணவாயை அவள் வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சமைத்தாள். ஒருத்திக்கு இரண்டு கணவாய் நாலு நாளைக்கு வந்தது.

குளிர்காலம் வந்தது. ஊரெல்லாம் இருமல். தலெந்தா தினமும் காலையில் போனைப் பார்த்தாள். தீவில் காற்று என்றால் கப்பல் ஓடாது. கப்பல் ஓடவில்லை என்று வானொலியில் சொன்ன நாட்களில் அவளுக்குக் கையில் வேலை ஓடவில்லை. ஒல்ஃபாவுக்குப் போன் பண்ணலாம். எந்த உரிமையில் கேட்பது? கேட்டு, கெட்ட செய்தியாக இருந்தால்? ஜனவரி போயிற்று, பிப்ரவரி போயிற்று. மார்ச்சில் வேறு ஏதோ காகிதத்துக்காக ஒல்ஃபாவே கூப்பிட்டாள். பேசி முடித்து வைக்கப் போனவளிடம் தலெந்தா கேட்டாள்.

"அந்தப் புள்ள யாக்கீன்... குளிர்காலம் எப்படிப் போச்சு?"

"ஐயோ, உங்ககிட்ட சொல்லலியா நான்? ஜனவரியில நல்ல காய்ச்சல். கப்பல்கூட ஓடல அன்னிக்கு. அட்டையில எழுதின மாதிரியே தீவு ஆஸ்பத்திரியிலயே அரை மணி நேரத்துல குளுக்கோஸ் ஏத்திட்டாங்க. ஈரலுக்கு ஒண்ணுமே ஆகல. மூணாம் நாள் வீட்டுக்குப் போயிட்டா. எப்படி மறந்தேன் பாருங்க, வார்டு நெறைஞ்சு வழிஞ்சுது மதாம்..."

"பரவால்ல டாக்டர்" என்றாள் தலெந்தா. போனை வைத்த பிறகு உட்கார்ந்து அழுதாள். ஏழு வாரமாக அந்தக் குழந்தை நன்றாக இருந்திருக்கிறது. ஏழு வாரமாக அவள் பயந்துகொண்டிருந்திருக்கிறாள். இரண்டில் எதற்கு அழுகிறோம் என்று அவள் யோசிக்கவில்லை.

ஏப்ரலில் நூரி திரும்பக் கூப்பிட்டான். இந்தத் தடவை போனாள். கப்பலில் ஒண்ணேகால் மணி நேரம். இறங்குதுறையில் அவன் பழைய வேனோடு நின்றான். வீடு தீவின் கோடியில், கடலைப் பார்த்து இருந்தது. யாக்கீன் வாசலுக்கு ஓடி வந்து, "ஈஸ்ட் கொண்டாந்தியா?" என்று கேட்டாள். இல்லை என்றதும் பூனையைத் தேடிப் போய்விட்டாள். நஜ்லா மீன் குஸ்குஸ் வைத்தாள், கணவாய் வைத்தாள், எலுமிச்சை பிழிந்து வைத்தாள். சாப்பாடு முடிந்து நூரி தேநீர் போடப் போன பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"உங்க அந்தக் கட்டுரை. அது எப்ப வந்துது?"

"இப்பத்தோட பன்னெண்டு வருஷம்."

"மவன் போயி ஏழு வருஷம்."

"தெரியும்."

"கப்பல்ல ஒண்ணேகால் மணி நேரம்," என்றாள் நஜ்லா. "நாங்க இங்க. நீங்க அங்க."

நூரி உள்ளேயிருந்து, "நஜ்லா, விடு" என்றான்.

"நான் அவங்களைத் திட்டல. கணக்குப் போட்டுப் பாக்குறேன். அவ்ளோதான். தெனமும் போட்டுப் பாக்குறேன்."

"நானும்தான்" என்றாள் தலெந்தா.

நஜ்லா அப்போதுதான் அவளை நேராகப் பார்த்தாள். "நீங்க யார்கிட்ட சொல்லுவீங்க?"

"யார்கிட்டயும் இல்ல."

"வீட்ல?"

"வீட்ல யாரும் இல்ல."

நஜ்லா எழுந்தாள். உள்ளே போய், சட்டகம் போட்ட ஒரு சின்னப் படத்தைக் கொண்டுவந்து தலெந்தாவின் மடியில் வைத்தாள். படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஒரு பையன், பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு. தலெந்தா அதைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள். தேநீர் வந்து ஆறிப்போகிற வரைக்கும் வைத்துக்கொண்டிருந்தாள். யாரும் திருப்பிக் கேட்கவில்லை.

கடைசிக் கப்பலுக்கு நூரி கொண்டுவந்து விட்டான். நஜ்லா வரவில்லை, அடிக்கடி வாருங்கள் என்றும் சொல்லவில்லை. கப்பலில் கார்களுக்கு நடுவில் நின்று தலெந்தா கரை சிறுத்துப் போவதைப் பார்த்தாள். பக்கத்தில் ஒரு குடும்பம் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தது. அவளுக்கும் இரண்டு சுளை நீட்டினார்கள். வாங்கிக்கொண்டாள்.

அந்த வருஷம் ஒல்ஃபா அதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினாள். ஒன்பது பெயர்களில் தலெந்தாவின் பெயர் ஐந்தாவதாக வந்தது. அதைப் படித்து அல்ஜியர்ஸிலிருந்தும் இஸ்மிரிலிருந்தும் எழுதினார்கள். எங்களிடமும் ஒரு பிள்ளை இருக்கிறது, எழுத்து வேறு, ஆனால் அதே மரபணு, பார்த்துச் சொல்வீர்களா என்று. லஸ்ஸாத் இப்போது ஆறாம் நம்பரைப் பற்றிக் கேலி பேசுவதை விட்டிருந்தார். ஓய்வு பெற இன்னும் ஏழு வருஷம் இருக்கிறதே மதாம், ஒரு ஆள் வைத்துக்கொள்ளுங்கள் என்றார். விளம்பரமும் போட்டார். இரண்டு பேர் வந்து பார்த்தார்கள், இரண்டு பேருக்கும் பிரான்சில் இடம் கிடைத்துவிட்டது.

அவள் ஒண்டியாகவே செய்தாள். அல்ஜியர்ஸ் எழுத்து யாக்கீனுடையதைப் போலவே சூட்டில் படுத்தது. அன்றே எழுதி அனுப்பினாள். இஸ்மிர் எழுத்துக்கு மூன்று வாரம் ஆயிற்று. ஒரு காலை இன்குபேட்டரைத் திறந்து, முப்பத்தொன்பது டிகிரித் தட்டை வெளிச்சத்தில் பிடித்தாள். இரண்டு பக்கமும் ஒன்றேபோல் புள்ளி புள்ளியாக வளர்ந்திருந்தது. ஒரு வித்தியாசமும் இல்லை. அந்தப் பிள்ளைக்கு என்ன நோயோ, இது காரணம் இல்லை. அதன் பெற்றோர் ஒவ்வொரு காய்ச்சலுக்கும் நடுங்க வேண்டியதில்லை.

"வளருது!" என்றாள் சத்தமாக.

அறையில் யாரும் இல்லை. தட்டை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்தாள், படியேறினாள். தாழ்வாரத்தில் ஆலிவ் கழிவு வேலை செய்கிற ஒரு பெண் காதில் பாட்டை மாட்டிக்கொண்டு குடுவை கழுவிக்கொண்டிருந்தாள். தலெந்தா அவள் எதிரே போய்த் தட்டை நீட்டினாள்.

"வளருது, பாரு!"

அந்தப் பெண் ஒரு காதிலிருந்து எடுத்தாள். "என்ன மதாம்?"

"இது... முப்பத்தொன்பதுலயும் வளருது."

"ஓ," என்றாள் அந்தப் பெண். மரியாதைக்குத் தட்டைக் குனிந்து பார்த்தாள். "நல்லதா மதாம் அது?"

"ரொம்ப நல்லது."

"அப்ப மப்ரூக் மதாம்" என்று வாழ்த்திச் சிரித்தாள். குழாயைத் திரும்பத் திறந்தாள். தலெந்தா இன்னும் சற்று நேரம் அங்கேயே நின்றாள். பிறகு, இஸ்மிருக்குக் கடிதம் எழுதக் கீழே போனாள்.